பச்சை உடையில் நிற்கும் அந்தப் பெண் யார்? வான் ஐக்கின் அர்னோல்ஃபினி ஓவியம்

மருதநிழல்

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஓர் அறைக்குள் ஓர் ஆணும் பெண்ணும் கை சேர்த்து நிற்பதுபோல் யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அந்த இருவர் படம் எங்கள் வகுப்பறைச் சுவரில் பல வருஷமாகத் தொங்குகிறது. எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பை எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லித்தர அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே "ஜியோவன்னி அர்னோல்ஃபினியும் அவர் மனைவி ஜியோவன்னா செனாமியும்" என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

போன வாரம் படம் இருக்கும் லண்டன் நேஷனல் கேலரியின் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே தலைப்பில் ஜியோவன்னி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். மனைவிக்குப் பெயரே இல்லை, வெறும் "அவர் மனைவி". இத்தனை வருஷம் ஒரு பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அது தப்பு என்றால் எப்படித் தப்பானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி, அம்மா. கதையைப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சிக்கலே அங்கேதான்.

படத்துக்குள் படத்தில் உள்ளவர்களின் பெயர் எங்கும் இல்லை. இருவருக்கும் பின்னால் தொங்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே சுவரில் இருப்பது ஓவியரின் பெயர்: "யோஹன்னஸ் தெ ஐக் இங்கே இருந்தார், 1434". அவ்வளவுதான். பெயர் வருவது எண்பது வருஷம் கழித்து, ஒரு சொத்துப் பட்டியலில். 1516-இல் நெதர்லாந்தை ஆண்ட ஆஸ்திரியாவின் மார்கரெட்டிடம் படம் இருந்தது. தியெகோ தெ கெவாரா என்ற ஸ்பானிய அரசவைக்காரர் அவருக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் "எர்னூல் லெ ஃபென் என்று அழைக்கப்படும் பெரிய படம், தன் மனைவியுடன் ஓர் அறைக்குள்" என்று எழுதியிருக்கிறது. படத்துக்கு அப்போது மூடும் கதவுகள் இருந்தன, அவற்றில் தியெகோவின் குலச்சின்னம் இருந்தது. பூட்டு ஒன்று போட வேண்டும், அம்மையார் உத்தரவு கொடுத்திருக்கிறார் என்று குறிப்பும் உண்டு. சில வருஷம் கழித்து, 1523-24 பட்டியலில் அதே பெயர் "ஆர்னூல் ஃபென்" என்று வருகிறது.

இது பிரெஞ்சு பேசும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். அர்னோல்ஃபினி என்ற இத்தாலியக் குடும்பப் பெயர்தான் இப்படி ஆகியிருக்க வேண்டும் என்று 1857-இல் குரோ, கவல்காசெல்லே என்ற கலை வரலாற்றாளர்கள் இருவரும் பொருத்தினார்கள். அர்னோல்ஃபினிகள் இத்தாலியின் லூக்கா ஊர்க்காரர்கள், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரில் பட்டும் விலையுயர்ந்த துணிகளும் விற்ற வணிகக் குடும்பம். பர்கண்டி கோமகன் நல்லவர் ஃபிலிப்பின் அரண்மனைக்குச் சரக்கு கொடுத்தவர்கள். வான் ஐக் அதே கோமகனின் ஓவியர். இந்தப் பொருத்தம் நன்றாகவே உட்காருகிறது. இதுவரை யாரும் இதைத் தகர்க்கவில்லை.

அடுத்த அடிதான் வழுக்கியது. 1861-இல் ஜேம்ஸ் வீல் என்ற ஆய்வாளர் அந்தக் குடும்பத்தில் ஆள் யார் என்று தேடினார். கோமகனுக்கு நெருக்கமாக இருந்து பெரிய பதவிக்கு வந்த ஜியோவன்னி கிடைத்தார். அவர் மனைவி ஜியோவன்னா செனாமி. சரி, இவர்கள்தான் என்று முடிவானது. அதற்குப் பிறகு நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் எல்லாப் புத்தகமும் அதையே எழுதியது. உங்கள் புத்தகமும் அந்த வரிசையில் வந்ததுதான், உங்கள் மேல் தவறில்லை.

தாழம்பூ

அதுதான் கல்யாணப் படம் ஆயிற்றே? கண்ணாடியில் இரண்டு சாட்சிகள் தெரிவார்கள், ஓவியரே சாட்சிக் கையெழுத்துப் போட்டார் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி

அது கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1934-இல் எழுதிய கட்டுரை. ஆழமான படிப்பு. அந்தக் காலத்தில் பாதிரியார் இல்லாமல் இருவர் சம்மதம் சொன்னாலே திருமணம் செல்லும், ஆகவே இந்தப் படமே திருமணப் பத்திரம் என்றார். நாய் என்றால் விசுவாசம், கழற்றிவைத்த மரச்செருப்பு என்றால் புனித இடம், எரியும் ஒற்றை மெழுகுவத்தி என்றால் கடவுளின் கண். சுவரில் உள்ள கையெழுத்து பத்திரங்களில் எழுதும் அலங்கார எழுத்தில் இருப்பது உண்மை. ஆனால் பத்திரம் என்றால் யாருடைய பத்திரம் என்று பெயர் வேண்டாமா? சாட்சி பெயர் இருக்கிறது, மாப்பிள்ளை பெண் பெயர் இல்லை. எட்வின் ஹால் 1994-இல் இதைக் கல்யாணம் என்று எடுக்காமல் நிச்சயதார்த்தம் என்று வாதாடினார். அதுவும் எனக்கு ஒட்டவில்லை. உடை பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நூல்முடி

நான் தையல் தொழில். பழைய உடைகளைப் பற்றிப் படிப்பது இருபது வருஷப் பழக்கம், அதனால் சொல்கிறேன்.

முதலில் தலையைப் பாருங்கள். முடியை இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி உயர்த்திக் கட்டி, அதன் மேல் வெள்ளை நார்த்துணி முக்காடு போட்டிருக்கிறாள். அந்த முக்காட்டின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல மடிப்பாக அடுக்கிய சுருக்கத் தையல், ஒவ்வொரு சுருக்கத்தையும் வான் ஐக் தனித்தனியாக எண்ணி வரைந்திருக்கிறார். அந்தக் காலத்து அந்த நாட்டில் மணமாகாத பெண்ணும் மணப்பெண்ணும் முடியை விரித்து விடுவார்கள். மூடிய தலை என்றால் ஏற்கெனவே மனைவி. இது கல்யாண நாளும் இல்லை, நிச்சயதார்த்தமும் இல்லை.

அடுத்தது எல்லாரும் கேட்கும் கேள்வி, அவள் கர்ப்பிணியா என்று. இல்லை. அது கம்பளித் துணி, உள்ளே வெள்ளை மென்மயிர் வைத்துத் தைத்தது, தரையில் புரளும் அளவுக்கு நீளம். நடக்க வேண்டும் என்றால் முன்பக்கம் அள்ளி வயிற்றோடு பிடித்தே ஆக வேண்டும். இடுப்புக் கச்சை மார்புக்குக் கீழே உயர்த்திக் கட்டியிருப்பதால் கொசுவம் அத்தனையும் அங்கிருந்து கொட்டுகிறது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருக்கும் வான் ஐக்கின் சிறிய மூன்று மடிப்புப் பலகை ஓவியத்தில் புனித கேத்தரின் நிற்கிறாள். கன்னியாகவே இறந்த புனிதை அவள். அவளுக்கும் இதே வயிறுதான்.

கையின் ஓரத்தையும் கவனியுங்கள். தொங்கும் கைப்பகுதியில் துணியைப் பற்கள் பற்களாக வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். அப்படி வெட்டும்போது எவ்வளவு துணி வீணாகும் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். துணி விற்கும் வீட்டு மனைவி என்பதை அந்த ஓரமே சொல்லிவிடுகிறது. ஆணின் மேலங்கி இன்று கறுப்பாகத் தெரிந்தாலும் அது கருமையேறிய ஊதா நிற வெல்வெட்.

தாழம்பூ

கர்ப்பம் என்றே நினைத்திருந்தேன். நன்றி அக்கா.

ஏட்டுச்சுவடி

கர்ப்பிணி என்று நினைத்ததில் தாழம்பூவுக்குப் பழைய துணை இருக்கிறது. படம் ஸ்பெயின் அரண்மனைக்குப் போனபின், 1700-ஆம் ஆண்டுப் பட்டியலில் "பச்சை உடை அணிந்த கர்ப்பிணியான ஜெர்மானியப் பெண் ஓர் இளைஞனுக்குக் கை கொடுக்கிறாள், இரவில் மணம் செய்துகொள்வது போல் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறது. எர்னூல் என்ற பெயர் அதில் காணாமலே போய்விட்டது. படத்தைச் சுற்றிய மரச்சட்டத்தில் ரோமானியக் கவி ஓவிடின் வரிகள் இருந்தன, வாக்குறுதி கொடுப்பதில் யாரும் பணக்காரராகலாம் என்ற பொருளில். அதைப் படித்த எழுத்தர், இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள் என்றும் சேர்த்துவிட்டார். ஒரு மனைவி இரண்டு நூற்றாண்டுக்குள் எப்படி மாறிப்போகிறாள் பாருங்கள். எனக்கு இது மனதை உறுத்துகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1997-இல் ழாக் பவியோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஓர் ஆவணத்தை வெளியிட்டார். ஜியோவன்னி அர்னோல்ஃபினிக்கும் ஜியோவன்னா செனாமிக்கும் திருமணமானது 1447-இல். படம் 1434. பதின்மூன்று வருஷ இடைவெளி. வான் ஐக் இறந்ததே 1441. தான் செத்து ஆறு வருஷம் கழித்து நடந்த கல்யாணத்து மனைவியை அவர் எப்படி வரைவார்? ஜியோவன்னா செனாமி இந்தப் படத்தில் இல்லை. அது மட்டும் உறுதி.

மருதநிழல்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்படியானால் அந்த ஜியோவன்னி?

ஏட்டுச்சுவடி

புரூஜில் ஜியோவன்னி அர்னோல்ஃபினி என்ற பெயரில் ஒருவர் மட்டும் இல்லை. பங்காளிகள் இருவர். அவர்களுக்கும் நம்மைப் போலத் தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் பிரியும். ஒருவர் அர்ரீகோ மகன் ஜியோவன்னி. 1447-இல் ஜியோவன்னாவை மணந்தவர், 1472-இல் இறந்தவர் இவர்தான். இன்னொருவர் நிக்கோலாவோ மகன் ஜியோவன்னி. வீலுக்குக் கிடைத்தது பெரிய பதவிக்கு வந்த முதலாமவர். நேஷனல் கேலரியின் லோர்ன் கேம்பெல் 1998-இல் வெளிவந்த அட்டவணையில், படத்தில் இருப்பவர் இரண்டாமவராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். தலைப்பில் நீங்கள் பார்த்த கேள்விக்குறி இந்தச் சிக்கலின் தழும்பு.

அந்த நிக்கோலாவோ மகனுக்கு ஒரு மனைவி இருந்தாள். கொஸ்தான்சா த்ரெந்தா. அவளுடைய அம்மா 1433 பிப்ரவரி 26 அன்று ஃபிளாரன்ஸில் இருந்த லொரென்சோ தெ மெதிச்சிக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னாளில் புகழ்பெற்ற லொரென்சோ இல்லை இவர், அவருடைய தாத்தாவின் தம்பி. அந்தக் கடிதத்தில் மகள் இறந்துவிட்டாள் என்று இருக்கிறது.

படத்தில் எழுதியிருக்கும் ஆண்டு 1434.

தாழம்பூ

ஐயோ.

விளக்குத்திரி

இங்கேதான் கலை வரலாற்றாளர் மார்கரெட் கோஸ்டர் வருகிறார். அவர் 2003-இல் எழுதிய கட்டுரையைப் படித்த அன்று ராத்திரி முழுக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது: படத்தில் நிற்கிறவள் கொஸ்தான்சாவேதான். இறந்தபின் வரையப்பட்டிருக்கிறாள். உயிரோடு இருக்கும் கணவன், போய்விட்ட மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

சரவிளக்கைப் பாருங்கள். ஆணின் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. பெண்ணின் பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தில் மெழுகு வழிந்து உறைந்த மிச்சம் மட்டும் ஒட்டியிருக்கிறது, வத்தி இல்லை. அது ஏதோ தூசி என்று நினைத்திருந்தேன், பெரிதாக்கினால் வழிந்த கோடு தெளிவாகத் தெரிகிறது.

அப்புறம் கண்ணாடி. அந்தக் குவி ஆடியின் சட்டத்தைச் சுற்றிப் பத்து வட்டங்கள். ஒவ்வொன்றிலும் கிறிஸ்துவின் பாடுகளில் ஒரு காட்சி. அசல் பலகையே 82-க்கு 60 சென்டிமீட்டர், அதில் இந்த வட்டங்கள் எவ்வளவு சிறியவை என்று நினைத்துப்பாருங்கள். ஆணின் பக்கத்தில் உள்ள வட்டங்களில் கைது, விசாரணை, கசையடி, சிலுவை சுமத்தல் என்று கிறிஸ்து உயிரோடு இருக்கிறார். உச்சியில் சிலுவை மரணம். பெண்ணின் பக்கத்தில் உடலை இறக்குவது, அடக்கம் செய்வது, பாதாளத்துக்குப் போவது, உயிர்த்தெழுவது. சாவுக்கு முன் ஒரு பக்கம், சாவுக்குப் பின் மறுபக்கம்.

அவளுக்குப் பின்னால் உயரமாகத் தெரியும் மரச் செதுக்கலையும் கவனியுங்கள். காலடியில் டிராகனோடு புனித மார்கரெட். பிரசவ வலியில் இருக்கும் பெண்கள் கும்பிடும் புனிதை. கொஸ்தான்சா பிரசவத்தில் போயிருக்கலாம் என்று கோஸ்டர் நினைக்கிறார்.

எனக்கு இது வெறும் ஊகம் என்று தள்ள மனம் வரவில்லை.

கண்ணாடிச்சட்டம்

முதல் முறை எழுதுகிறேன். எங்கள் அப்பா ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். மனைவி இறந்தபின் வந்து, பழைய குரூப் போட்டோவில் இருக்கும் அவள் முகத்தை எடுத்துத் தன் பக்கத்தில் சேர்த்து ஒரே படமாகப் போட்டுத்தரச் சொல்கிற ஆட்கள் வருவார்கள். அப்பா அந்த வேலையை ராத்திரி கடை சாத்தியபின்தான் செய்வார். கழுத்துக்குக் கீழே புடவையைக் கையால் தீட்டுவார், பக்கத்தில் இருப்பவர் மேல் விழும் வெளிச்சமும் இவள் மேல் விழும் வெளிச்சமும் ஒத்துவரும் வரை விடமாட்டார்.

அந்தப் படங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சேர்த்த முகம் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காது. பார்க்க முடியாது, ஏனென்றால் அது வேறொரு நாளில் வேறெங்கோ பார்த்த பார்வை. வான் ஐக் படத்தில் பெண்ணின் கண்கள் ஆணின் பக்கம் போகின்றன, ஆனால் அவன் கண்களை எட்டவில்லை. அவனோ அவளைப் பார்க்கவே இல்லை. விளக்குத்திரி சொன்னதைப் படித்தபின் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவள் முகம் மற்ற எல்லாவற்றையும்விட வழவழப்பாக, வயதில்லாமல் இருக்கிறது. அவன் முகத்தில் எலும்பு தெரிகிறது.

நூல்முடி

மனதைத் தொட்டுவிட்டீர்கள். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழவழப்பான முகம் வான் ஐக்கின் பெண்கள் எல்லாருக்கும் உண்டு, கன்னி மரியாளுக்கும் அதுவேதான். இறந்தவளுக்கு நினைவுப்படம் என்றால் எங்காவது ஒரு பிரார்த்தனை வரி இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இறந்தவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதாமல் யாரும் செலவு செய்யமாட்டார்கள். இங்கே "நான் இங்கே இருந்தேன்" என்று ஓவியர் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே மரத்தில் பழம், சன்னல் விளிம்பில் ஆரஞ்சு, காலடியில் நாய். இது வாழ்கிற வீடு.

ஏட்டுச்சுவடி

நாயைப் பற்றி ஒன்று. அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் வான் ஐக் போட்ட கோடுகள் தெரியும். ஆணின் கைகளையும் பாதங்களையும் இடம் மாற்றி மாற்றி வரைந்திருக்கிறார். நாய்க்கு அடியில் கோடே கிடையாது, நேராக வண்ணத்திலேயே தீட்டிவிட்டார். திட்டத்தில் இல்லாமல் கடைசியில் வந்த நாய் அது. அதனால்தான் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ரகசியப் பொருள் சொல்வதில் நான் நிதானமாகப் போகிறேன். மெழுகுவத்தி விஷயம் என்னையும் அசைத்தது, மறுக்கவில்லை.

கேம்பெல் கருத்து வேறு. நிக்கோலாவோ மகன் இரண்டாவது தடவை மணந்திருக்கலாம், அந்தத் திருமணத்துக்குக் காகிதம் கிடைக்கவில்லை என்பது. இல்லையென்றால் அர்ரீகோ மகனுக்கே ஜியோவன்னாவுக்கு முன்னால் ஒரு மனைவி இருந்திருக்கலாம். ஆக மூன்று பெண்கள் வாசலில் நிற்கிறார்கள், அதில் இரண்டு பேருக்குப் பெயரே கிடையாது.

சோழிப்பல்

வான் ஐக்கும் அவர் மனைவியுமே இது என்று ஒரு கட்சி உண்டே?

ஏட்டுச்சுவடி

உண்டு. மாரிஸ் பிராக்வெல் 1952-இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஆனால் வான் ஐக் தன் மனைவி மார்கரெட்டை 1439-இல் தனியாக வரைந்திருக்கிறார், புரூஜில் இருக்கிறது. "என் கணவர் யோஹன்னஸ் என்னை வரைந்து முடித்தார், எனக்கு வயது 33" என்று அவளே பேசுவதுபோல் படச்சட்டத்தில் எழுத்து. கூரிய மூக்கு, இறுகிய உதடு, தனித்த முகம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரே பெண்ணாகத் தெரியவில்லை. அதோடு மனைவிக்குப் பெயரும் வயதும் எழுதிவைத்த மனிதர், இதிலும் அவளே என்றால் எழுதாமல் விடுவாரா?

விளக்குத்திரி

பெர்லினில் சிவப்புத் தலைத்துணி கட்டிய ஒருவரின் சிறிய படம் இருக்கிறதே, அர்னோல்ஃபினி என்ற பெயரில். அதுவும் வான் ஐக்தான். அந்த முகமும் இந்த முகமும் ஒன்றேதான். அதிலிருந்து பெயர் உறுதியாகாதா?

ஏட்டுச்சுவடி

ஆகாது. பெர்லின் படத்துக்கு அர்னோல்ஃபினி என்று பெயர் வந்ததே லண்டன் படத்து முகத்தோடு ஒத்துப்போவதால்தான். இதைக் காட்டி அதையும், அதைக் காட்டி இதையும் உறுதி செய்ய முடியாது. அந்த மனிதன் ஒரே ஆள் என்பது மட்டும் தெரிகிறது, சில வருஷம் மூத்த முகம். பெர்லினில் அவன் தனியாக இருக்கிறான்.

மருதநிழல்

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, "அர்னோல்ஃபினி குடும்பத்து ஒருவரும் அவர் மனைவியும், புரூஜ், 1434" என்று புதிதாக எழுதினேன். ஏன் மாற்றுகிறேன் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1447 ஆவணத்தைச் சொன்னதும் ஒரு பெண் எழுந்து கழித்துப் பார்த்து "பதின்மூணு" என்றாள். கொஸ்தான்சாவின் அம்மா எழுதிய கடிதத்தைச் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், கோஸ்டர் பக்கம்தான் சாய்கிறேன். நூல்முடி சொன்ன பிரார்த்தனை வரி இல்லாதது உறுத்துகிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கையைப் பாருங்கள். அவன் அவள் கையை இறுக்கிப் பிடிக்கவில்லை. அவனுடைய இடக்கை விரிந்திருக்கிறது, அவள் வலக்கை அதன் மேல் மல்லாந்து கிடக்கிறது. இரண்டு பேரில் யாரும் விரலை மூடவில்லை. கை வரையச் சொல்லிக்கொடுத்து எனக்குப் பழக்கம், பிடிக்கிற கை எப்படி இருக்கும் என்று தெரியும்.

சோழிப்பல்

கண்ணாடியில் தெரியும் அந்த இருவர் யார் என்று யாரும் சொல்லவில்லையே. ஒருவர் நீலம், ஒருவர் சிவப்பு. வாசலில் நிற்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி

ஒருவர் வான் ஐக் என்று பலரும் நினைக்கிறார்கள், மேலே கையெழுத்து இருப்பதால். அதே நேஷனல் கேலரியில் 1433-இல் அவர் வரைந்த சிவப்புத் தலைப்பாகைக்காரர் படம் இருக்கிறது, அது அவருடைய சுயஉருவம் என்ற கருத்து உண்டு. அதற்கும் பெயர் எழுதவில்லை. நாளை அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். சோழிப்பல், அந்தக் கண்ணாடிப் பகுதியைப் பெரிதாக்கிய படம் உங்களிடம் இருந்தால் அங்கே போடுங்கள்.